ஊருக்குள் நோய்த் தடுப்பு பற்றிப் பேசப் போகிறீர்களா? கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெங்கு வேலை, சுகர் பரிசோதனை முகாம், தடுப்பூசி என்று ஏதாவது ஒன்றுக்காக ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டக் கிராமங்களில் பேசப் போகிற மகளிர் குழுவினர், கல்லூரிப் பிள்ளைகள், நற்பணி மன்றத்துப் பையன்கள் ஆகியோருக்குப் பல வருஷமாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை.

ஆயிரம் நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தோம், பிளக்ஸும் வைத்தோம். ஒன்றும் மாறவில்லையே?

நோட்டீஸில் என்ன எழுதியிருந்தது என்று முதலில் கேட்பேன். பெரும்பாலும் 'வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வோம், டெங்குவை ஒழிப்போம்' என்றுதான் இருக்கும். அதை வாங்கிப் படிக்கும் அம்மாவின் வீட்டில் வாரத்துக்கு ஒரு தடவையோ பத்து நாளுக்கு ஒரு தடவையோதான் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது. வந்த அன்றைக்குச் சிமெண்டுத் தொட்டி, நீல டிரம், குடம், அண்டா, போசி எல்லாவற்றிலும் பிடித்து வைத்தால்தான் அடுத்த தடவை வரைக்கும் ஓடும். "தண்ணி புடிச்சு வெக்காதீங்கன்னா, குடிக்கறதுக்கு நீங்க கொண்டாந்து ஊத்துவீங்களா?" என்று ஊத்துக்குளிப் பக்கம் ஒரு அம்மா என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

அதற்கப்புறம் நாங்கள் சொல்வதை மாற்றிக்கொண்டோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டியின் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தொட்டி காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். புழு கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேங்காய் நார் வைத்துத் தேய்க்க வேண்டும். வாரம் ஒரு நாள் தேய்த்துவிட்டால் கொசு பறக்கும் முன்பே கதை முடிந்துவிடும்.

எந்த நாள்? வெள்ளிக்கிழமை. வீடு வாசல் கழுவுகிற நாள் எப்படியும் அதுதான், புதிதாக ஒரு வேலையைத் தலையில் கட்ட வேண்டியதில்லை. "வெள்ளிக்கிழமை வாசல் கழுவறப்ப தொட்டியையும் நார் போட்டுத் தேச்சு விடுங்க, டிரம்முக்குப் பழைய வேட்டித் துணியைக் கட்டி விடுங்க." செய்தி மொத்தமும் இவ்வளவுதான். புழக்கடையில் கிடக்கும் ஆட்டாங்கல்லு, கொட்டாங்குச்சி, பழைய டயர் எல்லாம் இரண்டாவது வாரத்தில் சொல்ல. ஒரே நோட்டீஸில் பதினான்கு அறிவுரை போட்டால் பதினான்கும் சேர்ந்து தேங்காய் பொட்டலம் கட்டப் போய்விடும்.

கூட்டம் போட்டால் ஆளே வருவதில்லை. எங்கே போய்ச் சொல்வது?

நம் பக்கம் ஊர் என்பது ஒரே இடத்தில் இல்லை. பாதிப் பேர் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்திலேயே கட்டிய வீட்டில், இருக்கிறார்கள். ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவே இரண்டு விளைநிலம் தாண்ட வேண்டும். பஸ் நிறுத்தத்துப் பிளக்ஸ் அவர்கள் கண்ணில் படவே படாது. ஆனால் மாடு இருக்கிற வீட்டிலிருந்து யாராவது ஒருவர் காத்தாலயும் பொழுதோடயும் பால் சொசைட்டிக்கு வந்தே ஆக வேண்டும். கேனை வைத்துவிட்டு வரிசையில் நிற்கிற ஐந்து பத்து நிமிஷம் உங்களுக்குக் கிடைக்கும் சபை. அங்கே பிரசங்கம் வேண்டாம். பால் அளக்கிறவரிடம் ஒரு வாரம் முன்பே பேசி, ஒரே ஒரு வரியை அவர் வாயால் சொல்ல வைத்தாலே போதும்.

சந்தையும் நல்ல இடம், ஆனால் நேரம் தெரிந்து போக வேண்டும். புஞ்சைப் புளியம்பட்டியில் வியாழக்கிழமை மாட்டுச் சந்தை. நாங்கள் ஒரு தடவை அங்கே பிரஷர் பார்க்க மேஜை போட்டோம், பத்து மணிக்கு. மாட்டுக்காரர்கள் இருட்டோடு வந்து, விலை பேசி, வண்டி ஏற்றிக் கிளம்பியிருந்தார்கள். காலி மைதானத்தில் நாங்களும் எங்கள் பிரஷர் மிஷினும்தான். அடுத்த தடவை விடிகாலையில் டீக்கடைப் பக்கத்தில் போட்டோம்.

ரேஷன் கடை, நூறு நாள் வேலை நடக்கும் இடம் இரண்டும் பெண்களிடம் பேச ஏற்றவை. கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே பேசுவதைவிடத் தீர்மானம் போட வைப்பதுதான் லாபம்.

'நீரிழிவு', 'உயர் இரத்த அழுத்தம்' என்று எழுதினால் தப்பா?

தப்பில்லை. ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. சுகர், பிரஷர் என்றே எழுதுங்கள். உண்மையான சிக்கல் 'சர்க்கரை' என்ற சொல்லில் இருக்கிறது. நம் ஊரில் வயசானவர்களுக்குச் சக்கரை என்றால் நாட்டுச்சர்க்கரை. வெள்ளையாக இருப்பது அஸ்கா, இல்லாவிட்டால் சீனி. 'சர்க்கரையைக் குறையுங்கள்' என்று எழுதியதை, அஸ்காவைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு, இது அஸ்காக்காரன் கிளப்பிய கதை என்று முறைத்தவர்களும் உண்டு. "அஸ்காவை உட்டு ரெண்டு வருசமாச்சுங்க, இப்ப நாட்டுச்சக்கரைதான்" என்று பெருமையாகச் சொல்லும் பெரியவருக்குச் சுகர் ஏன் இறங்கவில்லை என்று அந்த வீட்டில் யாருக்கும் புரியாது. அஸ்கா, நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எதுவானாலும் ரத்தத்தில் சுகரை ஏற்றத்தான் செய்யும். அப்படிப் பேர் பேராகச் சொன்னால்தான் போய்ச் சேரும்.

அதே நேரம் கவுந்தப்பாடி மாதிரி ஊரில் இதைப் பார்த்துப் பேச வேண்டும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே சர்க்கரை அனுப்பும் ஊர் அது. கரும்பும் ஆலையும்தான் பொழப்பு. 'சுகர் இருக்கிறவங்களுக்கு' என்ற சொல்லை முதலில் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

'சடவு' என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். ரத்தசோகையின் அறிகுறி சோர்வு என்று எழுதினால் பஞ்சுமில்லுக்குப் போகும் பெண் அடுத்த வரிக்குப் போய்விடுவாள். "எந்நேரமும் சடவா இருக்குதா, படி ஏறினா மூச்சு வாங்குதா?" என்று கேட்டால் நின்று பேசுவாள். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்பதை மாத்திரை கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாததால் இரண்டாம் நாளே மாத்திரையைக் குப்பையில் போட்டவர்கள் ஏராளம். டீயோடு சேர்த்துப் போட வேண்டாம், டீ அந்தச் சத்தை உடம்பில் ஒட்ட விடாது.

உப்புக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நாலு பேர் வீட்டுக்கு நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். 'உப்பைக் குறையுங்கள்' என்று சொல்லாமல், "உங்க வீட்டுல ஒரு கிலோ உப்பு எத்தனை நாளைக்கு வருதுங்க?" என்று மட்டும் கேளுங்கள். மாதாமாதம் வாங்குகிறோமே என்று அவர்களே கணக்குப் போட ஆரம்பிப்பார்கள்.

அம்மை போட்டால் 'அம்மன் வந்திருக்கு' என்று ஆஸ்பத்திரிக்கே வருவதில்லை. இந்த மூடநம்பிக்கையை எப்படி மாற்றுவது?

'மூடநம்பிக்கை' என்று மனசில் வைத்துக்கொண்டு போனால் திண்ணையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அம்மை போட்ட வீட்டு வாசல் நிலையில் வேப்பிலை செருகுகிறார்கள். அதைப் பார்த்ததும் வெளியாள் உள்ளே போகமாட்டார். நோயாளியைத் தனியாகப் படுக்க வைக்கிறார்கள், வீட்டார் விசேஷத்துக்கும் போவதில்லை. சின்னம்மையில் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை மற்றவர்களுக்குத் தொற்றும். ஆஸ்பத்திரியில் சொல்வதும் இதே தனிமையைத்தான். எழுத்துத் தெரியாதவருக்கும் புரிகிற அறிவிப்புப் பலகையைப் பல தலைமுறைக்கு முன்பே நம் ஆத்தாக்கள் மாட்டி வைத்துவிட்டார்கள்.

2020-ல் கொரோனாவுக்கு வீட்டுச் சுவரில் ஒட்டிய நோட்டீஸை இதோடு ஒப்பிடுங்கள். நோக்கம் ஒன்றுதான். ஆனால் வேப்பிலை செருகிய வீட்டுக்கு மரியாதை, நோட்டீஸ் ஒட்டிய வீட்டுக்கு அவமானம். ஒட்டிவிடுவார்களே என்று காய்ச்சலை மறைத்தவர்களை நானே பார்த்தேன். அதிகாரிகள் தனியாக உத்தரவிட்டாலொழிய அப்படி ஒட்டக் கூடாது என்று அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது.

கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நூறு வருஷத்துக்கு முன்னால் பிளேக் ஊரைக் காலி பண்ணிய காலத்து ஞாபகம் அது. 2021-ல் இருகூர்ப் பக்கம் காமாட்சிபுரியில் கொரோனா தேவிக்கும் சிலை வைத்தார்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், பயம் வந்தால் இந்த மண் எங்கே போய் நிற்கும் என்பதை அது காட்டுகிறது, நாமும் அங்கே போய்த்தான் நிற்க வேண்டும்.

ஆகவே நான் சொல்லித் தருவது இது. வேப்பிலையை எடுக்கச் சொல்லாதீர்கள். "ஆத்தா வந்திருக்கறாள், சரிங்க. மூச்சு வாங்குனாலோ, பேச்சுக் குழறுனாலோ, வீட்டுல மாசமா இருக்கறவங்களோ பொறந்த கொழந்தையோ இருந்தாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று எல்லையை மட்டும் சொல்லுங்கள். கோயில் பூசாரியிடம் முதலிலேயே பேசி வைத்தால் பாதி வேலை முடிந்தது. தட்டம்மைக்கு 9 மாதத்திலும், அப்புறம் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் ஊசி உண்டு என்பதை அம்மை போடாத காலத்தில் பேசுங்கள். போட்டிருக்கும்போது அந்தப் பேச்சு எடுபடாது.

வாட்ஸ்அப்பில் வதந்தி பரவினால் உடனே மறுப்புப் போடலாமா?

போடலாம், ஆனால் வதந்தியை முதலில் எழுதி அப்புறம் 'இது பொய்' என்று எழுதாதீர்கள். படிப்பவருக்கு முதல் வரிதான் நினைவில் நிற்கும். உண்மையைச் சொல்லித் தொடங்குங்கள்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தியால் பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. அரசு முகாம் நாளை நீட்டிக்க வேண்டி வந்தது. பெற்றோரிடம் பேசாமல் நேராகப் பள்ளியில் ஊசியோடு போய் நின்றதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஒரு வாரம் முன்பே பெற்றோர் கூட்டம் வைத்து, என்ன ஊசி, எதற்கு, காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று சொல்லியிருந்தால் வதந்திக்கு அவ்வளவு இடம் கிடைத்திருக்காது.

குழுவில் பதில் போடும்போது எழுத்தைவிட உங்கள் குரல் நல்லது. தெரிந்த குரல் என்றால் கேட்பார்கள். முப்பது விநாடிக்கு மேல் வேண்டாம். வதந்தியைப் போட்டவர் உங்கள் மாமனாக இருந்தால் குழுவில் மானத்தை வாங்காமல் தனியாகப் போன் போடுங்கள். அவரே அழித்துவிடுவார்.

நடிகர் யாரையாவது வைத்துப் பேச வைக்கலாமா?

ஒரே முகத்தில் எல்லா நம்பிக்கையையும் வைப்பதில் ஆபத்து இருக்கிறது. 2021 ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் மக்களுக்கு விழிப்புணர்வு வரட்டும் என்று பொதுவில் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். ஊசி காரணமல்ல என்று தேசிய வல்லுநர் குழு பின்னால் சொன்னது. ஆனால் அது வருவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன, ஊரில் ஊசி என்றாலே முகம் மாறியது. அந்த நல்ல மனிதர் நினைத்ததற்கு நேர் எதிராகப் போயிற்று.

ஊரில் எனக்கு உதவியவர்கள் வேறு மாதிரி: ஊசி போட்டு ஒரு மாதம் ஆகியும் வழக்கம்போல் மாடு கறக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரர், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அக்கா, முடி திருத்துபவர், பிரசவம் பார்த்த நர்சம்மா.

பயமுறுத்தினால்தானே கேட்பார்கள்?

பயத்தோடு கையில் ஒரு வேலையும் கொடுத்தால் கேட்பார்கள், வெறும் பயம் மட்டும் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் மருந்தில்லை, சாவுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். கடித்தவுடன் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும் என்பதுதான் தெரியாது. சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைத்துவிட்டு வருவார்கள். ஊசி முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள் என்று போட வேண்டும். பலர் மூன்று ஊசியோடு நின்றுவிடுவார்கள். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அந்த நாலு தாளிலும் பேனாவால் 'ஊசி' என்று எழுதி வைத்துவிட்டு வாருங்கள். அந்தத் தேதி வந்தால் தாளைக் கிழிக்கிறவர் கண்ணில் பட்டே தீரும்.

பனியன் கம்பெனி, தறிக் குடோன் ஆட்களிடம் எப்படிப் போவது?

சோமனூர், பல்லடம் பக்கம் தறிச் சத்தத்தில் மைக் ஆட்டோ கத்துவது ஒரு சொல்கூடக் காதில் விழாது. தறி நிற்கிற நேரம், அதாவது டீ நேரமோ ஷிப்டு மாறும் நேரமோதான் பேச முடியும். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு காலை கறிக்கடை, மதியம் தூக்கம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல் காம்பவுண்டு வீடுகளில் போனால் ஆள் இருப்பார்கள்.

'ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்' என்று அவர்களிடம் சொல்வதில் அர்த்தமில்லை. புறநோயாளிப் பிரிவு நடக்கும் காலை நேரம் அவர்களுக்கு அரை ஷிப்டுக் கூலி. முதலில் மேனேஜரிடம் பேசி, கம்பெனிக்குள்ளேயே பரிசோதனை வைக்க ஒத்துக்கொள்ள வையுங்கள். செய்தி அதற்கப்புறம்.

பீகார், ஒடிசா, ஜார்கண்ட் ஆட்களுக்குத் தமிழ் நோட்டீஸை இந்தியில் மாற்றி ஒட்டினால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஒடிசாக்காரருக்கு ஒடியா. அவர்கள் குழுவிலேயே மேஸ்திரி மாதிரி ஒருவர் இருப்பார். அவர் குரலில் பதிவு செய்து அவர்கள் வாட்ஸ்அப்பில் விட்டால் ஓடும். 2023 மார்ச்சில் வெளிமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியபோது திருப்பூர் போலீஸ் இந்தியிலேயே பேசி, உதவி எண்ணும் கொடுத்தது. காய்ச்சல் காலத்துக்கும் அதே வழி பொருந்தும்.

வள்ளி கும்மி, ஒயிலாட்டம் நடக்கும் இடத்தில் நம் செய்தியைச் சேர்க்கலாமா?

கும்மிப் பாட்டின் வரிகளுக்கு நடுவே கொசுவைத் திணிக்காதீர்கள். ஆடுகிறவர்களுக்கும் பிடிக்காது, பார்க்கிறவர்களுக்கும் பிடிக்காது. இடைவேளையில் ஆசிரியர் கையில் மைக் இருக்கும்போது அவர் இரண்டு வரி சொன்னால் போதும்.

பூச்சாட்டு, அதாவது மாரியம்மன் கோயில் நோன்பிக் காலத்துக்குத் தனி மதிப்பு உண்டு. திருப்பூர், கோவை போன பிள்ளைகள் எல்லாம் ஊருக்கு வந்துவிடுவார்கள், கம்பத்தைச் சுற்றி ராத்திரி முழுக்க இளவட்டம் நிற்கும். நாற்பது வயசுக்குக் கீழே உள்ள ஆண்களை மொத்தமாகப் பார்க்க எனக்குத் தெரிந்து வேறு வழியில்லை.

டிபி, எய்ட்ஸ் மாதிரி விஷயங்களைப் பேசினால் ஊரில் முகம் சுளிக்கிறார்களே?

2000-களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரமாக 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவரெங்கும் எழுதினார்கள். லாரிப் பட்டறைகள் நிறைந்த நாமக்கல், திருச்செங்கோடு வரைக்கும் டீக்கடையில் அதே பேச்சு. வாயில் வராத சொல்லை வாயில் வர வைத்தது அந்தக் கேள்வி, அதுவே பெரிய காரியம். ஆனால் கூடவே கேலிச் சொல்லாகவும் ஆகிவிட்டது. நோய் வந்தவரின் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்தக் கேலி வலிக்கும்.

டிபிக்கு நம் பக்கம் ஒரு பழைய நிழல் இருக்கிறது. பெருந்துறையில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி நிற்கும் இடம் அந்தக் காலத்தில் டிபி ஆஸ்பத்திரி. இன்றைக்கும் அந்த இடத்துக்குச் சானடோரியம் என்றுதான் பேர். 'சானடோரியத்துல சேத்தாங்க' என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள், போனவர் திரும்பமாட்டார் என்கிற பொருளில். ஆகவே 'டிபியை வெல்வோம்' என்பதை விட்டுவிட்டுத் தகவலைச் சொல்லுங்கள்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை, சாதாரண டிபிக்கு ஆறு மாதம் மாத்திரை, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், சிகிச்சை முடியும் வரை சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில். கல்யாணம் ஆகாத பெண் வீட்டில் என்றால் வாசலில் நின்று எதையும் கேட்காதீர்கள். போன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மைக் கட்டிய ஆட்டோவுக்கு அனுமதி வேண்டுமா?

வேண்டும், காவல் நிலையத்தில். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. தண்டோரா போடும் பழக்கத்தை 2022 ஆகஸ்டில் அரசு நிறுத்தச் சொல்லிவிட்டது. ஒரு மனிதரைக் கொட்டடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்க வைக்காமல் வண்டியில் ஒலிபெருக்கி வைக்கச் சொன்னார்கள், சரியான முடிவு.

நாங்கள் கொசுவைப் பற்றிப் பேசினால், 'சாயத் தண்ணியைப் பத்திப் பேசுங்க' என்கிறார்கள். என்ன செய்வது?

பேசத்தான் வேண்டும். நொய்யல் கரையிலும் காளிங்கராயன் வாய்க்கால் ஓரத்திலும் கிணற்றுத் தண்ணீரின் நிறம் மாறியதைப் பார்த்தவர்கள் அவர்கள். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போன விவகாரம். அது எங்கள் வேலை இல்லை என்று கையை விரித்தால் நீங்கள் சொல்லும் கொசுக் கதையையும் நம்பமாட்டார்கள். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்க அவர்களோடு ஒட்டுக்காப் போங்கள். முடிவு வந்ததும் நல்லதோ கெட்டதோ அதே டீக்கடையில் சொல்லுங்கள். ஒரு ஊரில் இப்படிச் செய்த பிறகுதான் எங்களைத் தொட்டியை எட்டிப் பார்க்கவே விட்டார்கள்.

நாம் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்?

கைதட்டல், போட்டோ, கையெழுத்துத் தாள் எதுவும் கணக்கில் சேராது. தொடங்கும் முன் நூறு வீட்டுத் தொட்டியை டார்ச் அடித்துப் பார்த்து, எத்தனை வீட்டில் புழு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து அதே நூறு வீடு. புழு இருந்த வீடு முப்பதிலிருந்து பன்னிரண்டானால் வேலை நடந்திருக்கிறது, முப்பது முப்பதாகவே இருந்தால் நீங்கள் சொன்ன விதத்தில் கோளாறு. கூடவே, நீங்கள் நேரில் பேசாத ஒரு வீட்டில் போய், "தொட்டி கழுவறதைப் பத்தி யாராவது சொன்னாங்களா?" என்று கேளுங்கள். 'பக்கத்து வூட்டு அம்மிணி சொன்னாள்' என்று பதில் வந்தால் அன்றைக்கு நான் கூடுதலாக ஒரு டீ குடிப்பேன்.

நாங்கள் டாக்டர் இல்லை. யாராவது மருந்து கேட்டால்?

பேர் சொல்லாதீர்கள், நல்ல எண்ணத்தில்கூட. ஆலோசனைக்கு 104, ஆம்புலன்சுக்கு 108, மனசு சரியில்லை என்றால் 14416. மூன்றையும் நோட்டீஸின் மேல் பக்கத்தில், கண்ணாடி போடாமல் தெரிகிற அளவில் அச்சடியுங்கள்.